பிரேக் பிடிக்கவில்லை என்று நீ சொன்னாய்

தம்பி,

உன் நிச்சயத்தன்று நத்தத்தில் நிவேதா வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். நிவேதாவின் அப்பா உன் இலையில் இன்னும் கொஞ்சம் பாயசம் விடச் சொல்லிவிட்டு, பேச்சோடு பேச்சாக ஒன்று கேட்டார். கல்யாணத்துக்குப் பிறகு பெங்களூரில் ஒரு கார் வாங்கிக்கொள்ளலாமே, இரண்டு பேருக்கும் வசதியாக இருக்குமே என்று. நீ சிரித்துக்கொண்டே, "எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்க மாமா. நிவேதா நல்லா ஓட்டுவா," என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். அவர்களுக்கு அது அடக்கமான பிள்ளையின் பேச்சு. உன் அப்பா இலையைப் பார்த்தபடியே இருந்தார். பதினேழு வயதில் தோட்டத்துக் களத்தில் ஜீப்பைப் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டுபோய் இரண்டு வைக்கோல் போருக்கு நடுவில் நிறுத்தினவன் நீ. கடலை மூட்டை ஏற்ற வந்த ஆட்கள் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். உனக்கு ஓட்டத் தெரியாதாம். ஓட்டுவதில்லை என்று சொல்லியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

ஊருக்குத் திரும்பியதும் நான் முதலில் போனது ஜீப் நிற்கிற கொட்டகைக்குத்தான். அது இன்னும் ஓடுகிறது என்பது உனக்குத் தெரியும். கீழச்சிவல்பட்டிப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போக வேறு எந்த வண்டியும் சரிப்படாது. ஓடையில் இறங்கி, சரளை மேட்டில் ஏறி, கண்மாய்க் கரை மேலேயே அரை மைல் போகவேண்டும். இன்ஜினுக்கு ஒரு குறையும் இல்லை. பிரேக்தான் பழைய காலத்து டிரம் பிரேக். ஓடைத் தண்ணீர் உள்ளே போய்விட்டால் கரையேறி நாலு தடவை மிதித்துக் காயவைத்தால்தான் பிடிக்கும், பிடித்தாலும் வண்டி இடது பக்கம் இழுக்கும். முன்சக்கரம் இரண்டுக்கும் டிஸ்க் பிரேக் போட்டுவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். கல்யாணத்துக்கு நீ வரும்போது சாவியை உன் கையில் கொடுத்து, போய்த் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வா என்று சொல்லலாம் என்பது என் கணக்கு. இதை எழுதும்போது எனக்கே என் மேல் எரிச்சலாக வருகிறது. பன்னிரண்டு வருடமாக வாயால் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் வைத்திருந்துவிட்டு, ஒரு வண்டியை ரிப்பேர் செய்து அதைச் சரிக்கட்டப் பார்த்திருக்கிறேன்.

உன் அப்பாவுக்கு இதில் கொஞ்சமும் இஷ்டமில்லை. முப்பது வருடமாகத் தான் ஓட்டுகிற வண்டி என்றும், தனக்கு நிற்கிற வண்டி வேறு யாருக்கு நிற்க வேண்டும் என்றும் கேட்டார். பாண்டியைக் கூப்பிட்டு அனுப்பினேன். திருப்பத்தூர் ரோட்டில் மெக்கானிக் கடை வைத்திருக்கிறானே, அவன்தான். இந்தப் பழைய மாடலுக்குப் புது டிஸ்க் செட் கிடைக்காது, இதே கம்பெனியில் பிற்பாடு வந்த வண்டி ஏதாவது உடைப்புக்கு வந்திருந்தால் அதிலிருந்து கழற்றிப் போடலாம், மதுரை ரோட்டில் ஒரு பெரிய காயலான் கடை இருக்கிறது என்றான். நானும் வருகிறேன் என்றேன். அவன் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். ரிட்டயரான டீச்சரம்மாவைக் காயலான் கடைக்குக் கூட்டிக்கொண்டு போவதில் அவனுக்கு ஒரு சங்கடம்.

அந்தக் கடை ஒரு பெரிய பொட்டல். மோதி நசுங்கின வண்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒரு வண்டியின் பின் சீட்டில் குழந்தையின் ஒற்றைச் செருப்பு இருந்தது. நான் அந்தப் பக்கம் மறுபடி பார்க்கவில்லை. பாண்டி ஒரு வண்டியின் முன்பக்கத்தைக் காட்டி, இதுதான், அப்படியே நம்ம வண்டிக்குப் பொருந்தும் என்றான். நான் பையிலிருந்து வெர்னியரை எடுத்து டிஸ்க்கின் கனத்தை அளந்தேன். இவ்வளவுக்குக் கீழே தேய்ந்தால் போடக்கூடாது என்று டிஸ்க்கிலேயே ஓரத்தில் அச்சடித்திருப்பார்கள். துருவைச் சுரண்டினால் தெரியும். இது அதற்கும் கீழே தேய்ந்திருந்தது. வேண்டாம் என்றேன். அடுத்ததில் ஒரு பக்கம் விரிசல். "நீங்க அளக்குறதப் பாத்தா நகைக்கடைக்கு வந்தவுக மாதிரி இருக்கு டீச்சர்," என்றான் பாண்டி. கடைக்காரர் வெளிப்படையாகவே சிரித்தார். இரண்டு மணி நேரம் வெயிலில் நின்று, கடைசியில் இரண்டு வெவ்வேறு வண்டிகளிலிருந்து வண்டிக்கு ஒன்றாக நல்ல டிஸ்க் இரண்டும், அதைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர் இரண்டும் எடுத்தோம். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டினான். எது எந்தப் பக்கத்துச் சக்கரத்திலிருந்து கழற்றியது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. வெர்னியரோடு போன எனக்கும் அது தோன்றவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றன்மேல் ஒன்றாகத் தடங்கல். ஒரு காலிப்பரின் பிஸ்டன் துருவில் இறுகிக்கொண்டு அசையவே இல்லை. பாண்டி ஏர் பம்ப்பால் அழுத்தி வெளியே தள்ளினான், உள்ளே சொறி பிடித்துக் கிடந்தது. மறுபடி காயலான் கடை, வேறொரு காலிப்பர். இரும்பு பழசாக இருக்கலாம், ரப்பர் ஒன்றுகூடப் பழசாக இருக்கக்கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். சீல், ஹோஸ், பேட் எல்லாம் புதிதாக வாங்க மதுரைக்கு இரண்டு நடை. எல்லாம் மாட்டி முடித்துச் சக்கரத்தைப் போட்டால் சக்கரம் சுற்றவில்லை. ரிம்மின் உள்பக்கம் காலிப்பரில் உரசுகிறது. பாண்டி காலிப்பரின் முதுகைக் கொஞ்சம் அரைத்துவிடலாம் என்றான். நான் கத்தினேன். அழுத்தம் தாங்குகிற பாகத்தை அரைப்பதா? அப்படியானால் அந்த வண்டியின் ரிம்மையே வாங்கவேண்டும் என்றான் அவன். மூன்றாம் முறையாகக் காயலான் கடை. ஒரு வாரத்தில் முடியும் என்று சொன்ன வேலை ஐந்தாவது வாரத்தில் நின்றது. அந்த ஐந்து வாரமும் உன் அப்பா பழைய மொபெட்டில் தோட்டத்துக்குப் போய் வந்தார். ஓடையில் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். ஒவ்வொரு நாளும் வேட்டியில் சேற்றோடு வந்து, கொட்டகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போவார். ஒரு வார்த்தை பேசமாட்டார்.

கடைசியில் எல்லாம் பொருந்தியது. பிரேக் ஆயில் ஊற்றி, குழாயில் இருக்கிற காற்றை வெளியே எடுக்கவேண்டியதுதான் பாக்கி. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்கவேண்டும். இன்னொருவர் சக்கரத்துப் பக்கம் உட்கார்ந்து காலிப்பரில் உள்ள சின்ன நிப்பிளைத் திறந்தால் காற்றுக் குமிழியோடு ஆயில் வரும். குமிழி வருவது நின்றால் வேலை முடிந்தது. மிதிக்கிற வேலை எனக்கு. "மிதிங்க டீச்சர், மிதிங்க, பிடிங்க" என்று பாண்டி சொல்லச் சொல்ல மிதித்தேன். முதல் மிதிக்குப் பெடல் தரைவரைக்கும் போகும். இரண்டாவது மிதிக்குக் கொஞ்சம் நிற்கும். மூன்றாவதுக்குக் கல் மாதிரி நிற்கும். கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி தரைவரைக்கும் போகும். பாண்டி நாலு நாள் போராடினான். ஆயில் டப்பா மேல் டப்பாவாகக் காலியானது. பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி உள்ளே இருந்த ரப்பரை மாற்றினான். ஒன்றும் நடக்கவில்லை. என் முழங்கால் வீங்கிவிட்டது. மூன்றாம் நாள் மத்தியானம் உனக்குப் போன் செய்து, காற்று போகவே மாட்டேனென்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டேன். உனக்கு ஞாபகம் இருக்கும். "எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா. மீட்டிங் இருக்கு," என்று வைத்துவிட்டாய். ஆபீஸில் நாள் முழுக்க பம்ப்பும் வால்வும் வரைகிற பிள்ளை நீ. உனக்குத் தெரியாதாம். அந்தத் தெரியாது என்ற வார்த்தையை எங்கள் எல்லோரையும் வெளியே நிறுத்துகிற கதவாக வைத்திருக்கிறாய். எனக்குக் கோபம் வந்தது, தம்பி. ஆனால் அந்தக் கதவை உனக்குச் செய்து கொடுத்தது யார் என்பதும் எனக்குத் தெரியும்.

இதை நிவேதாவும் படிக்கவேண்டும் என்பதால் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நீ அவளிடம் எதையும் சொல்லியிருக்க மாட்டாய். உனக்குப் பத்தொன்பது வயது, காலேஜ் லீவுக்கு வந்திருந்தாய். உன் தங்கை கயலுக்குப் பதிமூன்று. தோட்டத்திலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு ஜீப்பில் வந்துகொண்டிருந்தாய். கண்மாய்க் கரையிலிருந்து சரிவில் இறங்கி மெயின் ரோட்டைத் தொடுகிற இடத்தில் வண்டி நிற்கவில்லை. ரோட்டில் பஸ் வந்துகொண்டிருந்தது. நீ ஸ்டீயரிங்கை ஒடித்து நம் மோட்டார் ரூம் சுவரில் மோதி நிறுத்தினாய். உனக்கு உதடு கிழிந்தது. கயலுக்கு இடது கை இரண்டு இடத்தில் முறிந்தது. இன்றைக்கும் அவளால் அந்த உள்ளங்கையை முழுதாக மேலே திருப்ப முடியாது. கடலை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் ஓடி வந்தார்கள். அப்பா வந்தார். நீ "பிரேக் பிடிக்கலப்பா" என்றாய். அவர் அடித்தார். மறுபடி சொன்னாய். மறுபடி அடித்தார். வாயில் ரத்தத்தோடு மூன்றாவது தடவையும் சொன்னாய். பிறகு அவர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்துப் பார்த்தார். அவருக்கு எந்த வண்டியிலும் இரண்டு மூன்று தடவை மிதிக்கிற பழக்கம். பெடல் நின்றது. "இந்தா, இப்பப் பிடிக்குதே," என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. நீ அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருடம் முழுக்க அவரிடம் பேசவில்லை. அன்றிலிருந்து ஒரு ஸ்டீயரிங்கைத் தொடவும் இல்லை.

அதற்கு முந்தின நாள் அந்த ஜீப்பை ஓட்டினது நான்.

நான் நாற்பத்திநாலு வயதில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவள். உன் அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. என் கையில் வண்டிக்கு ஏதாவது ஆனால் அன்றோடு சரி என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். முந்தின நாள் சாயங்காலம் ஸ்கூலிலிருந்து திரும்பும்போது, முனைக்கடை திருப்பத்தில் மிதித்தேன். பெடல் தரைவரைக்கும் போனது. பயத்தில் திரும்பத் திரும்ப மிதித்தேன், கொட்டியிருந்த மணலில் முட்டி வண்டி நின்றது. ஒரு கீறல் இல்லை. இறங்கிப் பார்த்தேன், எங்கேயும் ஆயில் ஒழுகவில்லை. ஒழுகாமல் பெடல் உள்ளே போனால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், தம்பி. ஒன்பதாம் வகுப்புக்குத் திரவ அழுத்தம் பாடம் நடத்துகிறவள் நான். மாஸ்டர் சிலிண்டர் படத்தை எத்தனையோ வருடம் போர்டில் வரைந்தவள். உள்ளே ரப்பர் கிழிந்திருக்கிறது என்று அந்த மணல்மேட்டுப் பக்கத்தில் நின்றே புரிந்துகொண்டேன். ஆனால் வீட்டில் சொன்னால் நான் கெடுத்துவிட்டேன் என்பார், சாவி போய்விடும். ஞாயிற்றுக்கிழமை பாண்டியிடம் காட்டிக்கொள்ளலாம் என்று நினைத்து மெதுவாக ஓட்டி வந்து கொட்டகையில் விட்டேன். மறுநாள் நீ சாவியைக் கேட்டாய். நான் அடுப்படியில் இருந்தேன். ஆணியில் இருக்கிறது, எடுத்துக்கொள் என்று சொன்னது நான்.

ஆஸ்பத்திரியில் அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். கயலுக்குக் கட்டுப் போட்டு முடியட்டும் என்று நினைத்தேன். பிறகு நீ காலேஜுக்குத் திரும்பிப் போகட்டும் என்று நினைத்தேன். ஒரு மாதம் கழித்து, அப்பா சந்தைக்குப் போயிருந்த ஒரு நாள் பாண்டியைக் கூப்பிட்டு மாஸ்டர் சிலிண்டர் ரப்பரை மாற்றச் சொன்னேன். அய்யாவிடம் சொல்ல வேண்டாம் என்றேன். அவன் கிழிந்த ரப்பரை என் கையில் கொடுத்தான். நான் அதைக் குப்பையில் போட்டேன். தப்பு என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டால் அது ஒரே தடவை செய்தது மாதிரி இருக்கும். நீ ஒவ்வொரு தீபாவளிக்கும் பஸ்ஸில் வந்து இறங்கி, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் அதை மறுபடி செய்தேன்.

இனி, போன வாரம் கொட்டகையில் நடந்தது. நாலாவது நாள். பாண்டி சக்கரத்துப் பக்கம் உட்கார்ந்திருந்தான், நான் பெடலில். அப்பா தோட்டத்திலிருந்து வந்து நின்று பார்த்தார். பெடல் உள்ளே போவதைப் பார்த்துவிட்டு, அந்த ஐந்து வாரத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "பெடல் உள்ள போனா ரெண்டு தடவ அமுக்கிக் கொடுத்தா நிக்கும். இது ஓட்டுறவனுக்குத் தெரிஞ்சிருக்கணும். அந்தப் பயலுக்கு அது தெரிஞ்சிருந்தா புள்ள கை ஒடஞ்சிருக்காது." சாதாரணமாகத்தான் சொன்னார். ஆயில் கறையும் வியர்வையுமாக உட்கார்ந்திருந்த எனக்கு அந்த இடத்தில் ஏதோ விட்டுப்போனது.

"எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு," என்றேன். "மொத நாளே எனக்கு உள்ள போச்சு. நீங்க சாவியப் பிடுங்கிருவீகன்னு சொல்லல. தெரிஞ்சேதான் அவன்கிட்ட வண்டியக் குடுத்தேன்."

அவர் நம்பவில்லை. கல்யாணம் வருகிறது, பிள்ளையை நல்லவனாக்க இப்படியெல்லாம் பேசாதே என்றார். அப்போது பாண்டி கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அய்யா, டீச்சர் சொல்றது உண்மதான். அடுத்த மாசமே நான்தான் சிலிண்டர் கிட்டு மாத்துனேன். ரப்பரு ரெண்டா கிழிஞ்சிருந்துச்சு. உங்ககிட்டச் சொல்ல வேணாம்னாக." அவ்வளவுதான் சொன்னான். அப்பா மொபெட்டைக்கூட எடுக்காமல் வாசலைத் தாண்டி நடந்து போனார்.

பாண்டி நாளைக்கு வருகிறேன் என்று கிளம்பிவிட்டான். அவனுக்கும் அங்கே இருக்க முடியவில்லை. நான் இறங்கித் தரையில், சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுதேன் என்று எழுத ஆசைதான், அழவில்லை. வெறும் எரிச்சலோடு அந்தக் காலிப்பரையே முறைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. நிப்பிள் அடிப்பக்கம் இருந்தது. காற்று மேலே போய் நிற்கும், நாங்கள் கீழே இருக்கிற ஓட்டையைத் திறந்து நாலு நாள் ஆயிலை மட்டும் வெளியே எடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம். இடது பக்கத்துக் காலிப்பரை வலது பக்கமும், வலதை இடது பக்கமும் மாட்டியிருக்கிறோம். சாக்கில் போட்ட அன்றைக்கே நடந்த தப்பு. காற்று மேலே போகும் என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். மறுநாள் பாண்டி வந்து இரண்டையும் மாற்றி மாட்டினான். நிப்பிள் மேலே வந்தது. கால் மணி நேரத்தில் காற்று முழுக்க வெளியேறி, முதல் மிதியிலேயே பெடல் பாதியில் நின்றது. நான்தான் ஓட்டிப் பார்த்தேன். பாண்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஓடையில் முன்சக்கரம் முங்க இறக்கி, ஏறினவுடனே ஓங்கி மிதித்தேன். இம்மிகூட ஒரு பக்கமாக இழுக்காமல் நேராக நின்றது. பாண்டி கைதட்டினான். எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை.

அப்பா நடந்து போன அன்றைக்கு ராத்திரியே சாப்பாட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் என் போனை எடுத்து நீட்டி, கயலைக் கூப்பிடச் சொன்னார். அவள் திருச்சியில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் போடச் சொன்னார். சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"ஏத்தா, அன்னிக்கு வண்டியில நீதான இருந்த. அண்ணன் பிரேக்க மிதிச்சானா?"

அவள் சொன்னாள்: "மிதிச்சுக்கிட்டேதான்ப்பா இருந்தான். ஒரு கையால ஸ்டீயரிங்கப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால என்னையப் பின்னால தள்ளிப் பிடிச்சிருந்தான். இல்லாட்டி நான் கண்ணாடியிலதான் போயிருப்பேன்."

இத்தனை வருடமாக இதை ஏன் சொல்லவில்லை என்று அப்பா கேட்டார். அதற்கு அவள் சொன்னதைத்தான், தம்பி, நான் இன்னும் ஜீரணிக்கவில்லை. "ஆஸ்பத்திரியில அன்னிக்கே சொன்னேனேப்பா. அம்மாதான், அப்பா கோவமா இருக்காக, நீ ஒண்ணும் பேசாதன்னு சொன்னாக."

அது எனக்கு நினைவில் இல்லை. சத்தியமாக நினைவில் இல்லை. அவளிடம் இரண்டு தடவை கேட்டேன். எந்த வார்டு, எந்தக் கட்டில், நான் என்ன சேலை கட்டியிருந்தேன் என்பது வரைக்கும் சொன்னாள். கை முறிந்து கிடந்த பிள்ளையின் வாயையும் நானே மூடியிருக்கிறேன், அதைச் சௌகரியமாக மறந்தும் போயிருக்கிறேன். நான் மறைத்தது ஒன்று என்றுதான் இதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்கு முன்னால் அம்மா பிள்ளைக்குப் புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். எனக்கு அந்த யோக்கியதை எவ்வளவு இருக்கிறது என்று நீயே பார்த்துக்கொள். இருந்தாலும் சொல்கிறேன், செய்து கெட்டவள் சொல்வதாக வைத்துக்கொள். நிவேதா ஏதாவது ஒன்று சரியில்லை என்று சொன்னால் முதலில் நம்பு, அப்புறம் இறங்கிப் பார். உனக்குத் தெரிந்த ஒன்று அவளுக்குத் தெரியவேண்டியதாக இருந்தால் அன்றைக்கே சொல்லிவிடு. நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று நான் பார்த்த நேரம் பன்னிரண்டு வருடம் ஆனது. அவளுக்கு ஒரு தப்புச் செய்துவிட்டால், வீட்டில் இருக்கிற சாமானை ரிப்பேர் செய்துகொண்டு சுற்றாதே. நேரே போய் வாயைத் திற. உன் மேலும் எனக்கு ஒரு கோபம் உண்டு. மூன்று தடவை சொன்னவன் நாலாவது தடவை ஏன் சொல்லவில்லை? ஏன் அடுத்த நாளே பாண்டியைக் கூட்டிவந்து கழற்றிக் காட்டவில்லை? இதைக் கேட்க எனக்கு உரிமை இல்லைதான். ஆனால் அவளோடு வாழும்போது அப்படி வாயை மூடிக்கொள்ளாதே. நீ பேசாமல் இருப்பது பெருந்தன்மை என்று மற்றவர்கள் நினைப்பார்கள். அதில் எவ்வளவு கோபம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஜீப் கொட்டகையில் நிற்கிறது. நீ அதை ஓட்டவேண்டும் என்று நான் கேட்கப் போவதில்லை. அப்பா தோட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போகட்டும். உன்னை அடித்தது அத்தனை பேர் முன்னால், பொய்யன் என்று ஆனது அத்தனை பேர் முன்னால். அதனால் இந்தக் கடிதத்தின் நகல் ஒன்று கயலுக்கும், இன்னொன்று நத்தத்தில் நிவேதா வீட்டுக்கும் போகிறது. சித்தப்பா வீட்டில் நானே நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். அன்று கடலை பறித்தவர்களில் நாலு பேர் இன்னும் நம் தோட்டத்துக்கு வேலைக்கு வருகிறார்கள். அவர்களிடம் அப்பா சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன்.

நாளைக் காலை பஸ்ஸில் அவர் உன்னிடம் வருகிறார். இந்தக் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன், இதுவரைக்கும் எழுதினதை அவர் படித்துவிட்டார். வந்து என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. நேற்று, "அவன்கிட்ட எப்படி ஆரம்பிக்கிறது?" என்று இரண்டு தடவை என்னிடம் கேட்டார். நான் சொல்லித் தரவில்லை. ஒருவேளை உன் அறையில் வந்து உட்கார்ந்து, வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டு, பெங்களூரில் மழை உண்டா என்று கேட்பார். நீ உடனே இரக்கப்பட்டு, "பரவாயில்லப்பா" என்று சொல்லிவிடுவாய். உன்னைப் பெற்றவள் நான், எனக்குத் தெரியும். தயவுசெய்து அதை மட்டும் சொல்லாதே, தம்பி. அவரைக் கொஞ்ச நேரம் அப்படியே உட்காரவிடு. அவர் தானாகச் சொல்லட்டும். சொல்லி முடித்ததும் நீ கேட்க வேண்டியதையெல்லாம் கேள். அதற்கப்புறம் எனக்குப் போன் செய்து, என்னிடமும் கேள்.

அம்மா